ஃபெரட் ஒன்றா, இரண்டா?

கீரி போல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி ஃபெரட். வீட்டில் எத்தனை வளர்க்கலாம் என்று பார்க்கக் கூண்டை அளக்காதீர்கள், ஏர்கோன் ஓடும் அறையை எண்ணுங்கள். ஓர் அறைக்கு இரண்டு ஃபெரட், அதற்கு மேல் வேண்டாம்.

ஃபெரட்டுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. 27 டிகிரிக்கு மேல் போனாலே திணறும், 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கோலாலம்பூரில் மதியம் 32, 33 சாதாரணம். காத்தாடி அந்தச் சூட்டையேதான் சுழற்றும். ஆக, ஏர்கோன் பகல் முழுக்க ஓடியே ஆக வேண்டும், அந்தக் கரண்ட் பில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். நீங்கள் வேலைக்குப் போன பிறகு இரண்டும் ஒரே துணித் தொட்டிலில் சுருண்டு தூங்கும், எழுந்தால் ஒன்றையொன்று துரத்தும். மூன்றாவது வந்தால்தான் கணக்கு உதைக்கும்: தீனி, தடுப்பூசி, மலம் கழிக்க இன்னொரு மணல் தட்டு. நடுவயதில் அட்ரினல் (சிறுநீரகத்தை ஒட்டிய சுரப்பி) கட்டி வேறு அடிக்கடி வரும்; வைத்தியச் செலவை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

ஐந்து வயதுவரை தனியாகவே வளர்ந்த கிழத்துக்குத் துணை தேடாதீர்கள், பெரும்பாலும் ஒட்டாது. கருத்தடை செய்யாத இரண்டு ஆண்களும் கூடாது. கழுத்தைக் கவ்வினால் ரத்தம் வந்தாலும் விடாது. ஏர்கோனே இல்லாத வீடா? பூஜ்யம்.