‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பது எப்போது ஒவ்வாமை?

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறது, சேனைக்கிழங்கு தொண்டையை அரிக்கிறது என்று எதைச் சொன்னாலும் ‘அலர்ஜி’ என்று முடித்துவிடுகிறோம். இம்மூன்றும் மூன்று வேறு காரணங்களால் வருபவை. இவற்றில் உயிர்வரை போகக்கூடியது ஒன்றுதான் என்பதால், அதை இனம் காணத் தெரிந்திருப்பது மிக அவசியம்.

உணவு ஒவ்வாமையில், உணவிலுள்ள ஏதோ ஒரு புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையென்று எண்ணி ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அதே புரதம் மீண்டும் வரும்போது ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் உடலில் கொட்டப்படுகின்றன. இறால் தொக்கில் இரண்டே துண்டு சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு அரிக்கத் தொடங்கி, கழுத்தில் கொசு கடித்தாற்போல் எழும்பும் தடிப்பு முதுகெங்கும் பரவுவது இதனால்தான். பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். இறாலில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம் வெப்பத்துக்கு அழிவதில்லை. ஆகவே நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நண்டிலும் இதையொத்த புரதம் உண்டு. மீனில் ஒவ்வாமை தரும் முக்கியப் புரதம் வேறு என்பதால், இறால் ஆகாதவர் மீனையும் விட்டே தீர வேண்டும் என்பதில்லை.

பால் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்தவருக்கு வயிற்றுப்பொருமலும் பேதியும் வருகின்றன. அவருக்கு அரை டம்ளர் பால் தொல்லை தராமல் போகலாம். தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ தயிரும் ஆகாது; பிஸ்கட்டில் கலந்த பால்பவுடர்கூடப் போதும், உடம்பு தடித்துவிடும். எனவே உறையின்மேல் உள்ள பொருள் பட்டியலை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

சேனையின் அரிப்புக்குக் காரணம் அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அவை யார் தொண்டையையும் குத்தும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் மீனிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். சமைத்தாலும் அது போகாது. குழம்பு சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்தால், முதலில் ஐயப்பட வேண்டியது மீனின் பதத்தைத்தான். கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் தனி வகை. அந்தச் சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முடிவு தவறாகக் காட்டக்கூடும்.

மருத்துவரிடம் போகும்முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன தோன்றியது, முன்பும் அப்படி நேர்ந்ததா, உடன் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று. எந்தப் பரிசோதனையையும்விட இக்குறிப்பு மருத்துவருக்கு வழிகாட்டும். இரத்தத்திலோ தோலிலோ செய்யும் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததாலேயே அந்த உணவு ஆகாது என்று பொருளல்ல. நீளமான பட்டியலைப் பார்த்துப் பயந்து, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுவரும் முட்டையையும் பாலையும் பெற்றோர் நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதேபோல், சோதித்துப் பார்க்கிறேன் என்று சந்தேகத்துக்குரிய உணவை வீட்டில் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும், உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. சில நேரம் தடிப்பே இல்லாமலும் இது வரலாம். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து; அரிப்பு மாத்திரை மூச்சுக்குழாயைத் திறக்காது, அது வேலை செய்யட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். தணிந்த அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டாலும் மருத்துவர் அனுப்பும்வரை மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.