பார்த்ததும் பகிர்ந்ததும் போதுமா? திரை முன்னால் நாம் செய்யும் தவறுகள்

யூடியூபில் ஒரு பாடம் பார்க்கிறோம். சொல்பவர் தெளிவாகச் சொல்கிறார், நமக்கும் எல்லாம் புரிகிறது. வீடியோ முடிந்ததும் பாடத்தையே முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இணையத்தில் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன்.

மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018ல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பலகையைக் குறிவைத்து டார்ட் என்ற சிறு அம்பை எறிவது, பின்னோக்கி வழுக்கிச் செல்லும் மூன்வாக் நடனம் ஆடுவது போன்றவற்றின் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும், சிலருக்குப் பல முறையும் காட்டினார்கள். பல முறை பார்த்தவர்களுக்கு 'நம்மாலும் முடியும்' என்ற தெம்பு ஏறியது. சரி, செய்து காட்டுங்கள் என்றபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் நன்றாகச் செய்யவில்லை. கணக்கும் கோடிங்கும் இப்படித்தான். திரையில் கணக்குப் போட்டது அவர், நாம் இல்லை. அவர் அடுத்த வரியை எழுதும் முன் வீடியோவை நிறுத்தி, அந்த வரியை நாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணி ஆகும், ஆகட்டும்.

திரும்பத் திரும்பப் படிப்பதும் இதே ரகம். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், படித்ததையே மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். படித்த கையோடு சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நினைவில் நிற்கிறது என்று நம்பினால் எப்படி ஏமாறுகிறோம் என்பது இதில் தெரிகிறது.

அப்புறம், இலவச வகுப்பு என்றதும் நாலைந்தில் பெயர் கொடுப்பது. எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் திறந்த இணைய வகுப்புகளில் 2017-18ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். தேவைப்பட்ட ஒரே பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவரைத் தோற்றவர் என்று சொல்ல மாட்டேன். சேர்ந்ததையே படித்ததாக எண்ணிக்கொள்பவருக்குத்தான் சிக்கல்.

சரிபார்ப்பதிலும் ஒரு தவறு உண்டு. 2023ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், கேள்விக்குப் பதில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகள் இருந்தன. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. இந்த வழக்குகள் உண்மையா என்று வழக்கறிஞர் கேட்கத்தான் செய்தார், ஆனால் சாட்ஜிபிடியிடமே கேட்டார்! அதுவும் ஆமாம் என்றது. வேலிக்கு ஓணான் சாட்சி.

இணையதளங்களையும் நாம் இப்படித்தான் சோதிக்கிறோம். வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று தரப்பினரிடம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் சில இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களே பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்று, அதன் லோகோவையும் நேர்த்தியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அதை அதிகம் படிக்கவே இல்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். உன்னிப்பாகப் படி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இங்கே உதவவில்லை.

பொதுவாழ்வுக்கு வந்தால், 'உண்மையா தெரியவில்லை, எதற்கும் அனுப்புகிறேன்' என்ற வரிதான் என் எரிச்சலுக்கு முதல் காரணம். தெரியவில்லை என்றால் ஏன் அனுப்ப வேண்டும்? ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை எம்ஐடி ஆய்வாளர்கள் அலசினார்கள். 1,500 பேரைச் சென்றடைய, உண்மைக்குப் பொய்யைவிட சுமார் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான். பொய் புதிதாக இருக்கிறது, வியப்பூட்டுகிறது. ஆகவே 'அடேங்கப்பா' என்று சொல்ல வைக்கும் செய்தியில்தான் விரலை நிறுத்த வேண்டும்.

இதற்காகச் சமூக ஊடகத்தால் பயனே இல்லை என்று ஒதுக்குவதும் தவறு. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலன்று ஃபேஸ்புக் சுமார் 6 கோடி பேருக்கு ஒரு வாக்களிப்பு நினைவூட்டலைக் காட்டியது. வாக்களித்த நண்பர்களின் படங்களும் அதில் இருந்தன. அதனால் சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகின என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான் அது அதிகம் வேலை செய்தது. முகம் தெரியாத பத்தாயிரம் பேரிடம் முழங்குவதைவிட, நம் பேச்சைக் கேட்கும் பத்துப் பேரிடம் சொல்வது மேல்.

உடைந்த சாலையைப் படம் எடுத்துப் போட்டதும் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். லைக் குவிகிறது, சாலை அப்படியே கிடக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய அலுவலகத்துக்கு ஒரு புகாரும் போயிருக்காது. முதலில் இடம், தேதி, படம் மூன்றையும் சேர்த்து அங்கே முறைப்படி புகார் கொடுங்கள். புகார் எண் கையில் வந்ததும், அந்த எண்ணோடு பதிவு போடுங்கள். பகிர்பவர்களும் அதே எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் கேட்கலாம்.