அப்துல் கலாம் தீவு ராமேஸ்வரம் பக்கத்தில் இல்லை

பெயரைக் கேட்டதும் பலருக்கு ராமேஸ்வரம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் ஏவுகணைகளை ஏவிச் சோதிக்கும் இந்தத் தீவு இருப்பது ஒடிசாவில், பத்ரக் மாவட்டக் கரையிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கடலுக்குள், தாம்ரா துறைமுகத்துக்குப் பக்கத்தில். முன்பு அதற்கு வீலர் தீவு என்று பெயர். கலாம் காலமான பிறகு, 2015 செப்டம்பரில்தான் பெயரை மாற்றினார்கள். அதனால் 2012 ஏப்ரலில் அக்னி-5 ஏவுகணை முதன்முதலாகப் பறந்த கதையை எழுதுகிறவர்கள் பழைய பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் அன்றைய செய்திகளைத் தேடுகிறவர் வேறு ஏதோ இடம் என்று நினைத்துவிடுவார்.

அடுத்தது, எல்லா ஏவுகணையும் இந்தத் தீவிலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைப்பது. 1989 மே மாதத்தில் அக்னி முதன்முதலாகப் பறந்தது பாலசோர் மாவட்டத்தின் சந்திப்பூர் கடற்கரையிலிருந்து. அதுவும் இதே சோதனைத் தளத்தின் பகுதிதான், ஆனால் தீவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவையும் இதோடு கலக்காதீர்கள், அது ஆந்திராவில் இஸ்ரோவின் இடம், இங்கே வேலை ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுடையது. 2019-ஐ நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்: ஜனவரியில் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது, மார்ச் 27 அன்று கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை சோதனைக்காக அதை உடைத்தது.

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது நோட்டாம் ஜோசியம். சோதனைக்கு முன்னால் விமானிகளுக்கு இந்தப் பக்கம் வராதீர்கள் என்று விடும் அறிவிப்புதான் நோட்டாம், அதில் வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே நீளும் ஒரு பகுதியைக் குறித்திருப்பார்கள். உடனே ஒருவர் ஸ்கேலை வைத்து அளந்து, இத்தனை கிலோமீட்டர் என்றால் இது அக்னி-5தான், நாளைக் காலையே என்று அடித்துச் சொல்லிவிடுவார். சரி, நீளம் ஒரு துப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதிக தூரம் போகக்கூடிய ஏவுகணையையே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ஏவிப் பார்ப்பதும் உண்டு, பாதுகாப்புக்காக எல்லையைத் தாராளமாகக் குறிப்பதும் உண்டு. மூன்று நாள் போட்டிருந்தால் மூன்று ஏவுகணை என்றும் அர்த்தமில்லை, வானிலையோ வேறு காரணமோ வந்தால் தள்ளிப்போட இடம் வேண்டுமே. சில சமயம் ஒன்றுமே நடக்காமல் அறிவிப்பு ரத்தாகிவிடும். அப்போது பார்க்க வேண்டும், சோதனை தோல்வி, அரசு மறைக்கிறது என்று அதே ஆள் இன்னொரு பதிவு போடுவதை! அரசு அறிக்கை வரும்வரை ஏவுகணையின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் குடியா மூழ்கிவிடும்?

அப்புறம், ஒடிசா சுற்றுலாத் திட்டத்தில் இந்தத் தீவைச் சேர்க்காதீர்கள். ராணுவ இடம், பொதுமக்களை விடமாட்டார்கள். பக்கத்துக் கஹிர்மாதா கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும், அவை வெளிச்சத்தில் திசை தவறிவிடும் என்பதால் அந்தப் பருவத்தில் தீவின் விளக்குகளையே மட்டுப்படுத்தச் சொல்கிறார்கள் வனத்துறையினர். கடல்தான் வேண்டும் என்றால் சந்திப்பூருக்குப் போங்கள், கடல் வற்றும் நேரத்தில் சில கிலோமீட்டர் உள்ளே நடந்தே போகலாம்.