மெசேஜ் கியூ: வரிசையும் செலவும் தவறிப்போகும் இடங்கள்

தோவாளைப் பூச்சந்தைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி ஒன்றை நாகர்கோவிலில் ஒரு சின்னக் குழு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தக்கலைக் கடைக்காரர் 20 கிலோ பிச்சிப்பூ கேட்கிறார். பிறகு அதை 30 ஆக்குகிறார், கடைசியில் ரத்து செய்கிறார். செயலியின் ஒரு பகுதி அனுப்புகிற மெசேஜை இன்னொரு பகுதி எடுத்துக்கொள்ளும்வரை வைத்திருக்கும் இடம்தான் மெசேஜ் கியூ. அதிலிருந்து இந்த மூன்றும் முன்பின்னாக வந்தால், ரத்தான பூ வண்டியேறிவிடும். சரி, எல்லா மெசேஜும் ஒரே வரிசையில் போகட்டும் என்று முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

வரிசை தேவைப்படுவது ஒரு ஆர்டருக்குள் மட்டும்தான். தக்கலை ஆர்டர் முந்தியதா, திருவனந்தபுரம் ஆர்டர் முந்தியதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அமேசானின் கியூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் உள்ள ஃபிஃபோ கியூ (முதலில் வந்ததை முதலில் கொடுப்பது) இதற்காகத்தான் மெசேஜ் குரூப் ஐடி கேட்கிறது. ஒரே ஐடி உள்ள மெசேஜ்களுக்குள் மட்டுமே அது வரிசையைக் காக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஐடியைக் கொடுத்துவிட்டால், ஒரு கன்ஸ்யூமர் (மெசேஜை எடுத்து வேலை செய்யும் நிரல்) தான் எடுத்ததை முடிக்கும்வரை மற்றவற்றுக்கு எதுவும் கிடைக்காது. ஓணம் நேரத்தில் கேரள வியாபாரிகள் மொத்தமாக இறங்கும்போது பத்து கன்ஸ்யூமர் ஓட்டினாலும் ஒன்பது சும்மாதான் நிற்கும். ஆர்டர் எண்ணையே குரூப் ஐடியாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. கூகுளின் மெசேஜ் சேவையான பப்சப்பில் இதே வேலையை ஆர்டரிங் கீ செய்கிறது, மைக்ரோசாஃப்டின் அஸூர் சர்வீஸ் பஸ்ஸில் செஷன்.

இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. எஸ்க்யூஎஸ்ஸில் வரிசைக்கு உத்தரவாதம் தராத ஸ்டாண்டர்ட் கியூவை ஃபிஃபோவாக மாற்ற வழியில்லை. பப்சப்பில் மெசேஜைப் பெறுவதற்கான சப்ஸ்கிரிப்ஷனை உருவாக்கும்போதே ஆர்டரிங்கை இயக்க வேண்டும். அஸூரில் மலிவு என்று பேசிக் அடுக்கில் தொடங்கினால், அங்கே செஷனே கிடையாது.

அதிகம் பேர் கவனிக்காத தவறு வேறொன்று. கியூ காப்பது வந்து சேர்ந்த வரிசையை. நடந்த வரிசையை அல்ல. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் எடையைப் பதிகிற போனுக்கு சிக்னல் போய்விட்டால், பதிவு போனிலேயே கிடக்கும். அதற்குள் குலசேகரத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் அதே பதிவைத் திருத்தி அனுப்பியிருப்பார். மதியம் சிக்னல் வந்ததும் பழைய எடை கியூவில் புதிதாக நுழையும், ஃபிஃபோவும் அதைக் கடைசி மெசேஜாகத்தான் ஒப்படைக்கும். எந்த கியூவை வாங்கினாலும் இது தீராது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் வேண்டும். முதல் பதிவு 1, அதைத் திருத்தினால் 2. டேட்டாபேஸில் 2 இருக்கும்போது 1 வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இதைச் செய்துவிட்டால் பல இடங்களில் ஃபிஃபோவே வேண்டாம் என்பது என் கருத்து. முழு நிலையையும் சுமந்து வருகிற மெசேஜுக்கு, அதாவது 'இப்போது 30 கிலோ' என்பதற்கு, ஸ்டாண்டர்ட் கியூவும் பதிப்பு எண்ணும் போதும். 'இன்னும் 10 கூட்டு' என்று வருவதற்குத்தான் ஒன்றுகூட விடுபடாத, இரட்டிக்காத வரிசை வேண்டும். அதிலும் ஃபிஃபோவின் இரட்டிப்புத் தடுப்பு 5 நிமிடத்துக்குத்தான். அனுப்புகிற நிரல் பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பினால் அதைப் புது மெசேஜ் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு கன்ஸ்யூமர் எடுத்த மெசேஜை மற்றவற்றிடமிருந்து மறைத்துவைக்கும் நேரமான விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 30 விநாடி. வேலை 40 விநாடி பிடித்தால் அதே மெசேஜ் இன்னொரு கன்ஸ்யூமரிடம் போய்விடும்.

செலவுக்கு வருவோம். எஸ்க்யூஎஸ் கணக்குப் பார்ப்பது மெசேஜை அல்ல, கோரிக்கையை. அனுப்ப ஒன்று, எடுக்க ஒன்று, அழிக்க ஒன்று. மாதம் முதல் 10 லட்சம் இலவசம். அதற்குமேல் 10 லட்சத்துக்கு அமெரிக்கக் கிழக்குப் பகுதி விலையில் ஸ்டாண்டர்டுக்கு 40 சென்ட், ஃபிஃபோவுக்கு 50 சென்ட். இந்தப் பத்து சென்ட் வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பார்கள், வெறும் கியூவைத் தட்டிக்கொண்டே இருக்கும் கன்ஸ்யூமரைப் பார்க்க மாட்டார்கள். காலியாகத் திரும்பினாலும் அதுவும் ஒரு கோரிக்கைதான். விநாடிக்கு 20 முறை கேட்கிற ஒரே கன்ஸ்யூமர் 30 நாளில் 5 கோடியே 18 லட்சம் கோரிக்கை போடும், ஃபிஃபோவில் சுமார் 25 டாலர். மெசேஜ் வரும்வரை காத்திருந்து பதில் வாங்கும் லாங் போலிங்கை 20 விநாடி வைத்தால், வெறும் கியூவுக்கு அதே 30 நாளில் 1,29,600 கோரிக்கைதான். அப்புறம், பத்து மெசேஜை ஒரே பேட்சாக அனுப்பலாம், எடுக்கலாம், அழிக்கலாம்.

எத்தனை முறை முயன்றாலும் முடிக்க முடியாத கெட்ட மெசேஜ் ஒன்று வந்தால் ஃபிஃபோவில் அந்த குரூப் முழுதும் அதன் பின்னால் நிற்கும். அதை டெட் லெட்டர் கியூவுக்கு (கெட்ட மெசேஜ்களை ஒதுக்கிவைக்கும் தனி கியூ) தள்ளினால் வழி திறக்கும், ஆனால் வரிசையில் ஓட்டை விழும்: ஆர்டர் பதிவாகாமலே ரத்து மட்டும் வரும். ரத்து மட்டும் வந்தால் என்ன செய்வது என்பதை நிரலில் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

நாளுக்குச் சில ஆயிரம் மெசேஜுக்குக் காஃப்கா கிளஸ்டர், அதாவது படித்த மெசேஜ்களையும் வைத்திருக்கும் காஃப்கா மென்பொருள் ஓடுகிற சர்வர் கூட்டம், எடுப்பவர்களும் உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சர்வர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு போய்க்கொண்டே இருக்கும். பழைய மெசேஜ்களை மறுபடி ஓட்டிப் பார்க்கும் தேவை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். எஸ்க்யூஎஸ்ஸில் அழித்த மெசேஜ் திரும்ப வராது, யாரும் தொடாததும் அதிகபட்சம் 14 நாள்தான் இருக்கும்.