சிங்கப்பூர் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என்று நாலு தளங்களில் தேடிப் பார்க்கிறவர்கள்கூட, வெளிநாட்டுப் பணம் வாங்கும்போது முதல் கடையில் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். இத்தனைக்கும் நகைக்கடையில் செய்கூலி பேசுவதுபோல இங்கேயும் தாராளமாகப் பேரம் பேசலாம், தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும்.

கூகுளில் வரும் விலையைக் காட்டிக் கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. அது சந்தையின் நடுவிலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த விலைக்கு யாரும் நமக்கு நோட்டு தரமாட்டார்கள். எந்தக் கடை அதற்கு நெருக்கமாக வருகிறது என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பலகையில் இரண்டு விலை இருக்கும். அதில் அதிகமாக இருப்பதுதான், அதாவது அவர்கள் விற்கும் விலைதான், நமக்கு உரியது.

நிறையப் பேர் ஏமாறும் இடம் ‘கமிஷன் இல்லை’ என்ற அட்டை. உதாரணமாக, ஒரு கடையில் வெள்ளிக்கு 68.20 ரூபாய், கமிஷன் கிடையாது. பக்கத்துக் கடையில் 67.40, ஆனால் 200 ரூபாய் கட்டணம். 1,000 வெள்ளிக்கு முதல் கடையில் 68,200, இரண்டாவதில் 67,600. கட்டணம் கேட்கிற கடைதான் 600 ரூபாய் மலிவு! அதனால் விலையையும் கமிஷனையும் தனித்தனியாக விசாரிக்காதீர்கள். “1,000 வெள்ளி என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எவ்வளவு ரூபாய் தரணும்?” என்று கேளுங்கள். மூன்று கடைகளுக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் போன் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எல்லாம் சேர்த்து என்பதில் ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கணக்கிட்டு அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். அந்த மதிப்பு குறைந்தபட்சம் 250 ரூபாய் என்பதால், எவ்வளவு சின்னத் தொகைக்கும் 45 ரூபாய் வரி வந்துவிடும். 40,000 ரூபாய்க்கு ஒரே தடவையில் வாங்கினால் வரி 72 ரூபாய். அதையே பத்தாயிரமாக நாலு தடவை வாங்கினால் 180.

விமான நிலையக் கவுன்டரைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறும் வேண்டாம். சந்தை மூடியிருப்பதால் திங்கட்கிழமை விலை ஏறினாலும் நஷ்டம் வராதபடி கடைக்காரர்கள் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

சிங்கப்பூருக்கு அமெரிக்க டாலர் வாங்கி, அங்கே போய் வெள்ளியாக மாற்றுவது இரட்டைச் செலவு. நேராக வெள்ளியே வாங்குங்கள். வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளின் பணம் இங்கே எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. அங்கே போகிறவர்களுக்கு அமெரிக்க டாலர்தான் சரி. 100 டாலர் நோட்டாக, கிறுக்கலோ கிழிசலோ இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன நோட்டுக்கு அங்கே விலை குறைத்துத் தருகிற கடைகள் உண்டு.

ஒரு பயணத்துக்கு ரொக்கமாகப் பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் தருவார்கள். மீதியை, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் போடலாம். கார்டிலும் வெள்ளியாகவே ஏற்றுங்கள். டாலர் ஏற்றிய கார்டை அங்கே தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனி. சாதாரண கிரெடிட் கார்டில் பெரும்பாலும் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். லட்சத்துக்கு 4,130 ரூபாய். அப்புறம், கடையில் மெஷின் “ரூபாயிலா, வெள்ளியிலா?” என்று கேட்டால் யோசிக்காமல் வெள்ளியை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்தக் கடையின் பக்கமே முடிவு செய்யும், அது அநேகமாக மோசமாகத்தான் இருக்கும்.

ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாத ஆள் எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் பக்கத்தில் போகாதீர்கள். கள்ள நோட்டு வந்தால் கேட்க நாதியில்லை, சட்டச் சிக்கல் வேறு. உரிமம் உள்ள கடையில் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், மிச்சப் பணத்தைத் திரும்பக் கொடுக்கும்போது உதவும். ஊர் திரும்பி 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் காசுகளை இங்கே கடைகள் வாங்குவதில்லை. அதைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே காபிக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.