நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால்

ராத்திரி மூன்று மணிக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும்போது யாருக்கும் உட்கார்ந்து படிக்க நேரமிருக்காது. அதனால் முதல் வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள், நீட்டுங்கள். முழங்காலை மடக்காமல் காலை நேராக வைத்துக்கொண்டு, கால்விரல்களை உங்கள் முகத்தைப் பார்த்து இழுங்கள். வெடுக்கென்று வேண்டாம், மெதுவாக, ஆனால் விடாமல், பிடிப்பு தளரும்வரை. அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். குனிந்து பாதத்தை எட்ட முடியாதவர்கள் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுக்கலாம்.

இதை நான் தெரிந்துகொண்டது அம்மாவால்தான். அப்பா போனபின் திருநெல்வேலியிலிருந்து எங்களோடு டெல்லிக்கு வந்துவிட்டார், மயூர் விஹாரில் வீடு. முதல் டிசம்பரிலேயே ஒரு ராத்திரி "எய்யா, நரம்பு இழுக்குதுய்யா" என்று அலறல். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பாதம் கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கெண்டைச்சதையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முண்டு, தொட்டால் கல் மாதிரி. நான் பதறிப்போய் நல்லெண்ணெயை எடுத்து அந்த முண்டை அழுத்தித் தேய்த்தேன், வலி இன்னும் கூடிவிட்டது. மறுநாள் மாடி வீட்டு அக்கா, பிசியோதெரபிஸ்ட், ஒரு நிமிடத்தில் விளக்கினார். நாம் நரம்பு என்று சொன்னாலும் இழுப்பது சதைதான். ஏற்கெனவே சுருங்கி நிற்கும் சதையை அழுத்தினால் போதாது, அதை எதிர்ப்பக்கம் நீட்டினால்தான் விடும். எண்ணெய், வெந்நீர்ப் பை எல்லாம் பிடிப்பு விட்டபிறகு, மிச்ச வலிக்கு. அந்த வலி மறுநாள் வரைக்கும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் வெந்நீர்ப் பை வேண்டாம், சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும்.

எழுந்து நிற்க முடிந்தால் அது இன்னும் சுலபம். பிடித்த காலின் குதிகாலைத் தரையில் அழுத்தி, முழங்காலை நிமிர்த்தி, உடல் எடையை அந்தக் காலில் போடுங்கள். ஆனால் வயதானவர்கள் கட்டிலிலிருந்து துள்ளி இறங்கக் கூடாது. இருட்டு, சில்லென்ற தரை, ஒரு கால் வேலை செய்யாத நிலை, இதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அம்மாவின் கட்டிலை நாங்கள் அலமாரியை ஒட்டித் தள்ளிப் போட்டோம், பிடித்துக்கொண்டு நிற்க. பாதத்தின் அடியில் பிடித்தால் விரல்களை மேலே மடக்குங்கள். பின்தொடையில் பிடித்தால் படுத்தபடியே முழங்காலை நீட்டிக் காலை மேலே தூக்குங்கள்.

சரி, வராமல் தடுப்பது எப்படி? அக்கா முதலில் கேட்டது "அம்மா எதைப் போர்த்திக்கொள்கிறார்?" என்றுதான். டெல்லிக் குளிருக்கு நாங்கள் கனமான ரஜாய் வாங்கி, காற்று புகாமல் இருக்கட்டும் என்று கால்பக்கம் மெத்தைக்கடியில் செருகியும் வைத்திருந்தோம். மல்லாந்து படுத்தால் அந்தக் கனம் பாதத்தைக் கீழ்நோக்கி அமுக்கும், கெண்டைச்சதை ராத்திரி முழுக்கச் சுருங்கிய நிலையிலேயே கிடக்கும், அப்புறம் தூக்கத்தில் லேசாகக் காலை நீட்டினாலே பிடித்துக்கொள்ளும். அன்றே செருகியதை எடுத்துவிட்டோம், குளிருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போதும். குப்புறப் படுப்பவர்கள் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

அடுத்தது, படுக்கும் முன் சுவர்ப் பயிற்சி. சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நின்று கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்தக் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டையில் இழுப்பு தெரியவேண்டும், வலி தெரியக் கூடாது. முப்பது விநாடி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, ஆடாமல். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், தூங்கப்போகும் முன் கெண்டையையும் பின்தொடையையும் இப்படி நீட்டியவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பு குறைந்திருந்தது. ஆறு வாரம் என்பதைக் கவனியுங்கள், நாலு நாளில் விட்டுவிடாதீர்கள். மெட்ரோவில் ராஜீவ் சௌக் வரை தினமும் நின்றுகொண்டே போகிறவர்கள், நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர்கள், சமையலறைத் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்கும் பெண்கள், இவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், கூடவே மெத்தென்ற செருப்பு.

மே, ஜூன் வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர், உப்புப் போட்ட மோர் கட்டாயம் குடியுங்கள். ஆனால் ராத்திரிப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் தண்ணீர்க் குறைவுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், பலருக்குக் காரணமே தெரிவதில்லை. வாழைப்பழம் சாப்பிடுங்கள், நல்லதுதான், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் பிடிப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை என்றுதான் ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், வயிற்றுப்போக்கு வேறு வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. முன்பு இதற்கு, மலேரியாவுக்குத் தரும் கொய்னா (குயினைன்) மாத்திரை தருவார்கள். இதயத் துடிப்பையும் ரத்தத்தையும் கெடுக்கும் என்பதால் கால் பிடிப்புக்கு அதைத் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2006-லேயே எச்சரித்துவிட்டது. யாராவது பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாரத்தில் பல நாள் தூக்கம் கெட்டால் டாக்டரிடம் போங்கள், போகும்போது சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் எடுத்துப்போங்கள். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரை, சில ஆஸ்துமா இன்ஹேலர்கள், இவற்றாலும் பிடிப்பு வரலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்குப் பிந்திய மாதங்களில் இது சகஜம், நீட்டுவது அவர்களுக்கும் அதேதான், மாத்திரை மட்டும் கேட்டுவிட்டு. நடந்தால் வலித்து நின்றால் விடுகிறது என்றால் அது ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, வலி விடாமல் இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே காட்டுங்கள், அந்தக் காலை நீவவே கூடாது. கூடவே மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அம்மாவுக்கு இப்போதும் மாதத்தில் ஓரிரு முறை வருகிறது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ஈரிழைத் துண்டு மடித்தே இருக்கும், என்னை எழுப்பாமல் அதைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு, விட்டதும் படுத்துவிடுகிறார். காலையில் துண்டு கால்மாட்டில் கிடப்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.