தண்ணீர்த் திருவிழாவுக்கு லென்ஸ் வேண்டாம்

ஏப்ரல் வந்தால் ரங்கூனில் தண்ணீர்த் திருவிழா, அதை ஒட்டியே நமக்குச் சித்திரைப் பிறப்பு. புது உடுப்புக்கு எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு கான்டாக்ட் லென்ஸோடு தெருவில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. திருவிழா முடியும்வரை கண்ணாடியே போடுங்கள்.

ஏன் என்றால், இன்யா ஏரியிலிருந்து இழுத்துப் பீய்ச்சுகிற தண்ணீரோ வீட்டு டிரம்மில் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீரோ, எதிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிர் இருக்கலாம். வெறுங்கண்ணில் பட்டால் பெரும்பாலும் கண்ணீரோடு போய்விடும். ஆனால் மென்லென்ஸ் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கருவிழி மேலேயே கிடக்கும். லென்ஸ் உரசிய சின்னக் கீறல் வழியாக அந்த உயிர் உள்ளே இறங்கிவிட்டால் வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வை போனவர்களும் உண்டு. குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸைக் கழற்றச் சொல்வது இதற்காகத்தான்.

மற்ற நாட்களில் லென்ஸைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது, ஈரம் போகத் துடைக்க வேண்டும், ஈரக்கையிலும் அதே தண்ணீர்தானே. மிளகாய் கிள்ளிய கை என்றால் இரண்டு தடவை கழுவுங்கள். முகத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசுகிறவர்கள் முதலில் லென்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் பூசுங்கள். இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகு முகம் கழுவுங்கள்.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் கழுவும் சொல்யூஷன் விட்டு, விரலால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. நேற்றைய சொல்யூஷன் மேலேயே கொஞ்சம் ஊற்றி ஒப்பேற்றுகிறவர்கள் நிறையப் பேர். விலை உறைக்கிறது, புரிகிறது, ஆனால் பழையதில் கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்துபோயிருக்கும். முழுசாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். லென்ஸ் வைக்கும் டப்பாவையும் சொல்யூஷனாலேயே அலசி, சுத்தமான டிஷ்யூவில் கவிழ்த்து உலரவிட்டு, 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலசுவதற்குப் புட்டியில் வரும் குடிதண்ணீரும் வேண்டாம், கொதிக்கவைத்து ஆற்றியதும் வேண்டாம்.

லென்ஸோடு தூங்கினால் கண்ணில் தொற்று வரும் ஆபத்து 6 முதல் 8 மடங்கு கூடுகிறது. தோழியின் கலர் லென்ஸை வாங்கிப் போடவே போடாதீர்கள்.

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கழற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் தாங்களாகவே சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் மோசமாகலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போனால், என்ன கிருமி என்று அதிலிருந்தே பரிசோதித்துப் பார்க்க முடியும்.